முனை ராவிய நட்டு

இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று ஆவுடையப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வைத்த கையோடு திரும்பவும் எடுத்தார். ஊற வேண்டியதெல்லாம் நேற்றுச் சாயங்காலமே ஊறியாயிற்று. பழைய சிம்னி விளக்கின் அடியில் கிடந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக நட்டின் மேல் விட்டு, கந்தல் துணியைச் சுற்றி, காயத்துக்குக் கட்டுப் போட்டது மாதிரி முடிச்சும் போட்டு வைத்திருந்தார். காலையில் இட்லி சாப்பிட்ட கை காயும் முன்னால் சைக்கிளைப் புறவாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லை ஒட்டி ஸ்டாண்டு போட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான். முக்கால் மணி நேரம் ஆகிறது. சீட்டுக் கம்பியை ஃபிரேமோடு இறுக்கிப் பிடித்திருக்கிற நட்டு, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான், அது இம்மிகூட அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டால் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கின வேகத்தில் விரல் முட்டி ஃபிரேமில் போய் இடிக்கும். இரண்டு முட்டியில் தோல் போய்விட்டது. குறடு போட்டுப் பார்த்தார், குறடு நட்டைச் சுற்றி வழவழவென்று ஓடிற்று. ஓடாமல் என்ன செய்யும், ஒரு நட்டுக்கு இருக்க வேண்டிய ஆறு முனையில் இதற்கு ஒன்றுகூடக் கிடையாது. துருப்பிடித்தும் போகவில்லை, தேய்ந்தும் போகவில்லை. இருபத்தேழு வருசத்துக்கு முன்னால் ஆவுடையப்பனே உட்கார்ந்து, தன் கையாலேயே, அரத்தை வைத்து ஆறு முனையையும் ராவித் தள்ளிய புண்ணியம் அது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்த வகை. சரி, அதை நினைத்து இப்போது என்ன ஆகப் போகிறது, நட்டைக் கழற்ற வேண்டும். கழன்றால் சீட்டை இறக்கலாம். இது வெளியே சொல்லிக்கொள்கிற காரியம். உள்ளே ஒன்று இருந்தது. நேற்று அந்தத் துணியைச் சுற்றி முடிச்சுப் போடும்போது, வாயால்கூட இல்லை, மனசால் ஒரு பந்தயம் கட்டியிருந்தார்: நாளைக்கு இந்த நட்டு என் கைக்குக் கழன்றுவிட்டால் என் கைக்கு ஒன்றும் இல்லை. கழலாவிட்டால்? அந்தப் பக்கம் பந்தயத்தை அவர் முடிக்கவில்லை. பாதியிலேயே முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கைதான் விசயம். வலது கை. மூன்று மாசமாக அது சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சும்மா இருக்கும்போதுதான் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று சொன்னால் யாருக்குப் புரியும். ஸ்பேனரைப் பிடித்தால் நிற்கிறது, அரிவாளைப் பிடித்தால் நிற்கிறது, தேங்காய் துருவினால்கூட நிற்கிறது. வேலை முடிந்து மடியில் வைத்தால், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தங்களுக்குள் எதையோ உருட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்தது சலூனில், முடி வெட்டுகிறவர் போர்த்தியிருந்த வெள்ளைத் துணிக்கு அடியில். துணிக்குள் ஏதோ பூச்சி புகுந்துவிட்டது என்று நினைத்து இடது கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், தட்டுப்பட்டது தன் கைதான். அன்றிலிருந்து ஆவுடையப்பன் சும்மா இருப்பதையே விட்டுவிட்டார். ரிட்டயர்டாகி இரண்டு வருசமாக ஈசிசேரில் பேப்பரும் கையுமாகக் கிடந்த மனுசன், மூன்று மாசத்தில் வீட்டில் இருக்கிற குழாயெல்லாம் கழற்றி மாட்டினார், ஃபேனைத் துடைத்தார், பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் புளி போட்டு விளக்கினார். மனைவி வடிவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, புத்தி வந்துவிட்டது என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். வேலை இல்லாத நேரத்தில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். டாக்டரிடம் போகவில்லை. போனால் பேர் சொல்லிவிடுவார்கள், பேர் சொல்லிவிட்டால் அப்புறம் அது இருக்கிறது என்று ஆகிவிடும். பால் கார்டின் பின்பக்கம் தினம் ஒரு கையெழுத்துப் போட்டு வைக்கிறார். நேற்றுப் போட்டதும் முந்தாநாள் போட்டதும் ஒரே அளவாகத்தான் இருக்கிறது. முதல் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் கொஞ்சம், எறும்பு கடித்த அளவுக்கு, சிறுத்த மாதிரி இருக்கிறது. பேனா வேறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்புறம் அந்தப் பேனாவையே தேடி எடுத்து எழுதிப் பார்த்துவிட்டு, கார்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் விழுந்ததும் இதோடு சேர்ந்ததுதானா என்பதுதான் தெரியவில்லை. பிரேக் பிடித்தார், சைக்கிள் நின்றது, கால் இறங்க வேண்டும் இல்லையா, கால் இறங்குவதற்கு ஒரு நிமிசம் யோசித்தது. அதற்குள் தரை வந்துவிட்டது. முறுக்கு விற்கிற ஒரு அம்மாள்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சீட்டு உயரம், அதனால்தான். இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி இறக்கிவிட்டால் யாரும் கைகொடுக்க வேண்டாம், யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

"என்ன செய்யுதிய இம்புட்டு நேரமா?" என்று அடுப்படி ஜன்னலில் இருந்து வடிவு கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே.

"சீட்டு நட்டு வரமாட்டேங்கு."

"அத எதுக்குக் கழத்தணும்?"

"சீட்டு கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போடுதுளா."

"எண்ண விட்டாப் போச்சு. முக்குச் சைக்கிள் கடையில குடுத்தா ரெண்டு நிமிசத்துல கழத்தித் தருவான். ஒங்களுக்குன்னு எங்க இருந்துதான் வேல வருதோ."

முக்குக் கடைக்காரன் இரண்டு நிமிசத்தில் கழற்றுவான், அது சரி. ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்துவிட்டு, புது நட்டுப் போட்டு, சீட்டை எவ்வளவு வைக்க என்று கேட்பான். அங்கேதான் உதைக்கிறது. இவ்வளவு என்று கையைக் காட்டினால், என்ன அண்ணாச்சி, சின்னப் பையன் சீட்டு மாதிரில்லா கேக்கிய என்பான். நாளைக்கு வடிவு வெற்றிலை வாங்கப் போகும்போது அவளிடமும் சொல்வான். இந்தச் சைக்கிளை எடுத்த அன்றைக்கும் கடைக்காரர் இதையேதான் கேட்டார், சீட்டு எவ்வளவு வைக்க தம்பி என்று. ஜங்ஷனில், இருபத்துநாலு வயசில், கல்லூரி வேதியியல் லேபில் அட்டெண்டர் வேலை கிடைத்து நாலாவது மாசம். ஃபுல்லாத் தூக்குங்க என்று ஆவுடையப்பன் சொன்னார். அவ்வளவு தூக்கினால் கால் எட்டாதே என்றார் கடைக்காரர். எட்டும் என்று ஏறி உட்கார்ந்து பெருவிரல் நுனியை மட்டும் தரையில் வைத்துக் காட்டினார். ஆறடி ஆள். பெருவிரல் நுனி போதும். அந்த நுனியில்தான் பின்னால் எத்தனை வருசம் ஓடியது. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வடிவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், தெற்கு பஜார் தாண்டி, ஹைகிரவுண்டு ரோட்டு மருத மர நிழலெல்லாம் தாண்டி, திரும்பி வர ஏழு மணி ஆகும். குலவணிகர்புரத்தில் கேட் போட்டிருந்தால் மற்ற புருசன்மாரெல்லாம் இறங்கு இறங்கு என்று பெண்டாட்டியை இறக்கி விடுவார்கள். ஆவுடையப்பன் இறக்கமாட்டார். இடது கால் பெருவிரலைத் தரையில் ஊன்றி, ஹேண்டில் பாரை ஒரு கையால் பிடித்து, மறு கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டு, அவள் பின்னால் உட்கார்ந்திருக்க அப்படியே நிற்பார், ரயில் வந்து போகும் வரைக்கும். வண்டி இம்மி ஆடாது. விழுந்துருவோம்யா என்று முதல் நாள் அவர் முதுகுக்குப் பின்னால் அவள் பயந்த குரலில் சொன்னாள், அதற்குப் பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு தடவை ரயில் வர லேட்டாகி, திரும்பிப் பார்த்தால், அவள் காரியரில் உட்கார்ந்தபடியே மடியில் கனகாம்பரத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு தொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற லாரிக்காரன்கூடப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கொடுத்துவைத்த சாயங்காலங்கள் அவை. அப்போது அது தெரியவில்லை, ரயில் சீக்கிரம் வந்தால் தேவலை என்றுதான் இருந்தது. அந்தக் கால்தான் போன மாசம் அதே கேட்டில் இறங்க யோசித்தது. வேறு யாருடைய காலோ என்று நினைத்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் செருப்பு அவருடையதாக இருந்தது.

உளியை எடுத்து நட்டின் விளிம்பில் வைத்து சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். விளிம்பில் ஒரு தழும்பு விழுந்ததே தவிர நட்டு திரும்பவில்லை. எவ்வளவு அழகாக ராவியிருக்கிறான் பாவி என்று தன்னையே மெச்சிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வருசம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டுத் திருட்டு நடந்தது. சைக்கிளை விட்டுவிடுவான், சீட்டை மட்டும் கம்பியோடு உருவிக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் மணி அடித்துப் போய்ப் பார்த்தால் வரிசையாக நாலைந்து சைக்கிள் தலை இல்லாமல் நிற்கும். ஆவுடையப்பன் சைக்கிளுக்கும் அந்தக் கதி வந்தது, வீடு வரைக்கும் மூன்று மைல் பெடலில் நின்றுகொண்டே மிதித்து வந்தார். வாசலில் நின்ற வடிவு, என்ன இது சாமியாட்டம் மாதிரி வாரிய என்றாள். புது சீட்டு வாங்கிப் போட்ட மறுநாள், லேபில் வேலை ஓய்ந்த நேரம், பிசிக்ஸ் ஒர்க்‌ஷாப்பில் இருந்து தட்டை அரம் ஒன்று வாங்கி வந்து, சைக்கிளை லேப் வராந்தாவில் நிறுத்தி, நட்டை இறுக்க வேண்டிய மட்டும் இறுக்கிவிட்டு, ஆறு முனையையும் ராவ ஆரம்பித்தார். எந்த ஸ்பேனரும் பிடிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. முனை போய், விளிம்பு உருண்டு, கடைசியில் சட்டைப் பித்தான் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. ஃபிரேமில் வெள்ளி மாதிரி இரும்புத் தூள் படிந்திருந்தது, அதை ஊதித் தள்ளினபோது அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே. துறைத் தலைவர் ஞானாபரணம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏ ஆவுடை, திருடனுக்குப் பூட்டுப் போட்ட சரி, சாவிய நீயே முழுங்கிட்டியேப்பா" என்றார். "நாளைக்கு நீ சீட்ட ஏத்தணும் எறக்கணும்னா என்ன செய்வ?" எதுக்கு சார் எறக்கணும், இனிமே நான் வளரவும் போறதில்ல, குறையவும் போறதில்ல என்று ஆவுடையப்பன் சொன்னார். லேபில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சார்தான் ரொம்பச் சிரித்தார். அப்புறம் அந்த வாரத்திலேயே இயற்பியல் அட்டெண்டர், நூலக உதவியாளர், ஆபீஸ் கிளார்க் என்று ஏழு பேர் வந்து தங்கள் நட்டையும் ராவித் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள். ஏழு பேருக்கும் ராவிக் கொடுத்தார். அந்த ஏழு பேரும் அவர்கள் சைக்கிளும் இப்போது எங்கே இருக்கிறார்களோ, எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கிழவன் சீட்டை இறக்க முடியாமல் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறானோ.

இது ஆகாது, சூடு காட்ட வேண்டும். இந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்க வேண்டும், முப்பத்துநாலு வருசம் லேபில் குப்பை கொட்டியவனுக்கு. காஸ்டிக் சோடா பாட்டிலின் கண்ணாடி மூடி இறுகிவிட்டால் கல்லூரி முழுக்க ஆவுடையப்பனைத்தான் கூப்பிடுவார்கள். பலம் போடுகிறவன் பாட்டிலை உடைப்பான். ஆவுடையப்பன் பாட்டில் கழுத்தைச் சுற்றி வெந்நீர்த் துணியைச் சுற்றுவார், வெளிக் கண்ணாடி கொஞ்சம் விரியட்டும் என்று காத்திருப்பார், அப்புறம் மரக்கட்டையால் மூடியின் இரு பக்கமும் டொக் டொக்கென்று இரண்டே தட்டு, கையில் வந்துவிடும். பாத்தியளா, இதுதான் கை என்று சார் மாணவர்களிடம் காட்டுவார். பூஜை அலமாரியில் இருந்து மெழுகுவர்த்தியைக் கொண்டு வந்து பற்ற வைத்து நட்டின் அடியில் பிடித்தார். பெயிண்ட் கருகி நாறியது. மண்ணெண்ணெய் மிச்சம் லேசாகப் புகைந்தது. அந்த வாசனைக்கு லேபே மூக்கில் வந்து இறங்கியது. ஸ்பிரிட் விளக்கு, அம்மோனியா, சாக்பீஸ் தூள், மத்தியானம் சார் அறையில் திறக்கிற டிபன் கேரியரின் மோர்க்குழம்பு. சார் எழுத்து பெரிய எழுத்து. கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறவனுக்கும் தெரியும் என்பார்கள். ஒரு வருசம், எந்த மாசத்தில் என்று சொல்ல முடியாது, அந்த எழுத்து சிறுக்க ஆரம்பித்தது. வரி ஆரம்பிக்கும்போது ஒழுங்காக ஆரம்பிக்கும், முடியும்போது கடுகாகிவிடும். சார் தெரியல சார் என்று பையன்கள் கத்துவார்கள். போர்டை அழிக்கிறது ஆவுடையப்பன்தான், டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்தச் சின்ன எழுத்துகளைப் பார்ப்பார், அழிக்க மனசு வராது. அப்புறம் சார் வாயால் சொல்ல ஆவுடையப்பன் பியூரெட்டைத் திறந்து காட்டுவது என்று ஆயிற்று. ஒரு நாள் ஸ்டோர் ரூமில் வைத்து, சட்டைப் பித்தானப் போட்டு விடுறியாப்பா என்று கேட்டார். போட்டு விட்டார். போட்டு விடும்போது சார் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "வேல செஞ்சா நிக்கி ஆவுடை. சும்மா வச்சாத்தான் ஆடுது." அந்த வாக்கியத்தை ஆவுடையப்பன் இருபது வருசமாக மறந்திருந்தார், சலூனில் வெள்ளைத் துணிக்கு அடியில்தான் அது எழுந்து வந்தது. சார் ரிட்டயர்டான பிறகு இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். சார் நாற்காலியில் இருந்தார், கையைச் சாரின் மனைவி தன் கைக்குள் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வந்தவர்களுக்குத் தெரியக் கூடாது என்று. தெரிந்தது. மூன்றாவது தடவை போகவில்லை. போகணும் போகணும் என்று ஒன்றரை வருசம் ஓட்டினார். பிறகு ஒரு நாள் மார்க்கெட் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் தெரியும். சைக்கிளை விட்டு இறங்கி அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். பயந்துபோய்த்தான் போகவில்லை, வேறு எதுவும் காரணம் இல்லை. அந்த மனுசனிடம் இப்போது ஒரு பத்து நிமிசம் பேசக் கிடைத்தால், முதலில் எது சார் சொன்னபடி கேட்காமல் போனது, காலா கையா என்று கேட்கலாம். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்புறம்தான் அது. மெழுகு உருகி விரலில் சொட்டியது, சுட்டது. விரல் ஆடவில்லை. பார்த்தாயா, ஆடவில்லை. மெழுகுவர்த்தியைப் பிடித்திருக்கிறாயே, அது வேலைதானே, எப்படி ஆடும் என்று உள்ளே ஒருத்தன் உடனே கேட்டான்.

"வீட்டக் கொளுத்திராதிய" என்று வடிவு மோர் டம்ளரோடு வந்து நின்றாள். "முட்டியெல்லாம் ரத்தமா இருக்கு, அத விட்டுத் தொலைங்களேன்."

"அங்கன கல்லு மேல வையி. குடிக்கேன்."

"ஒரு வாய் குடிச்சுட்டுச் செய்யக் கூடாதா? நானும் பாக்கேன், மூணு மாசமா ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கிய. ஒங்களுக்கு என்னதான் ஆச்சு?"

அவர் சட்டென்று மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, உளிக்குப் பக்கத்தில் கிடந்த அரத்தைக் கையில் எடுத்தார். "ரிட்டயர்டானவன் ஒக்காந்தே கெடக்கான்னு நீதான சொன்ன."

அவள் டம்ளரைக் கல் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அரத்தைக் கையில் எடுத்தது அவளிடமிருந்து தப்பிக்கத்தான், எடுத்த பிறகுதான் தோன்றியது. ஆறு முனை எதற்கு? இரண்டு பக்கம் போதுமே. எதிரெதிராக இரண்டு பக்கத்தைத் தட்டையாக ராவிவிட்டால் ஒரு சைஸ் சின்ன ஸ்பேனர் கவ்விக்கொள்ளும். அட முட்டாளே, ராவிக் கெடுத்ததை ராவித்தான் எடுக்க வேண்டும், இதற்கா ஒன்றரை மணி நேரம். முக்காலியைத் தள்ளிவிட்டு முழங்காலில் நின்று அரத்தை நட்டின் மேல் வைத்தார். முன்னால் தள்ளும்போது அழுத்தம், பின்னால் இழுக்கும்போது சும்மா. சர்ர், சர்ர். இருபத்தேழு வருசத்து வழவழப்பு போய் உள்ளேயிருந்து புது இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது. அரம் ஓடுவதைக் காது முதலில் கண்டுகொண்டது. அப்புறம் தோள், அப்புறம் மணிக்கட்டு. வராந்தாவில் நின்று ராவின அந்த முப்பத்துமூன்று வயசுக்காரன் அப்படியே எலும்புக்குள் இருந்தான், எங்கேயும் போகவில்லை. கை பிசகாமல் நேராகப் போய் நேராக வந்தது. ஆவுடையப்பனுக்குச் சந்தோசமாக இருந்தது, இந்த மூன்று மாசத்தில் இல்லாத சந்தோசம். இப்படியே ராவிக்கொண்டே இருந்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தை அவசரப்படாமல், வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியும். கண்ணால் அளந்து, விரலால் தடவி, பத்தாம் நம்பர் ஸ்பேனரை மாட்டினார். கப்பென்று கவ்வியது. உடனே கழற்றப் பார்க்கக் கூடாது. இறுகினதைக் கொஞ்சம்போல இன்னும் இறுக்கிவிட்டு, அது அசந்திருக்கிற நேரத்தில் திருப்ப வேண்டும். வலது பக்கமாக ஒரு நூலளவு இறுக்கினார். நட்டு எங்கேயோ உள்ளே மெல்ல முனகியது. இப்போது இடது பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, முழு உடம்பையும் ஸ்பேனரின் நுனியில் கொண்டுவந்து வைத்தார். கிறீச். செம்மண் நிறத்தில் துருத் தூள் உதிர்ந்தது. கால் சுற்று, அரைச் சுற்று, அதற்கப்புறம் ஸ்பேனரே வேண்டாம், விரலாலேயே உருட்டி உருட்டிக் கழற்றினார். கடைசி மரை விட்டு நட்டு உள்ளங்கையில் விழுந்தது, மெழுகுச் சூடு இன்னும் அதில் லேசாக இருந்தது. ஜெயித்துவிட்டேன். கழன்றுவிட்டது, என் கைக்குக் கழன்றுவிட்டது, எனக்கு ஒன்றும் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மோரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். முருங்கை மரத்தில் இரண்டு காக்கை உட்கார்ந்திருந்தது. வேலை முடிந்துவிட்டது. வலது கை மடியில் கிடந்தது, நட்டு அதற்குள் இருந்தது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதை உருட்ட ஆரம்பித்தன. அவர் உருட்டச் சொல்லவில்லை. நிறுத்து என்று சொல்லிப் பார்த்தார். பந்தயத்தில் ஜெயித்தது அதற்குத் தெரியவில்லை, யாரும் அதனிடம் சொல்லவும் இல்லை. கையைத் தொடைக்கு அடியில் தள்ள நினைத்தார், ஆனால் அதற்குக்கூட அலுப்பாக இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. வருகிற மட்டும் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

"வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே வடிவு ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி படி இறங்கி வந்தாள்.

"வந்துட்டு."

"அப்பம் சத்தம் எங்கன இருந்து வருதுன்னு பாக்க வேண்டியதுதான்" என்று சீட்டைப் பிடித்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். நட்டு இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

ஆமா, சத்தம்தான் பாக்கணும் என்று சொல்லிவிட்டால் இன்றைக்குத் தப்பிவிடலாம். சின்னப் பொய்தான், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"சத்தம் ஒண்ணும் இல்ல வடிவு. சீட்ட எறக்கணும். ரெண்டு காலும் தரையில படணும்." நட்டைப் பார்த்தபடியே மேலே சொன்னார். "அன்னைக்குக் கால் முட்டியில அடிபட்டது கல்லு தட்டி இல்ல, ஒங்கிட்டச் சொன்னது பொய். கேட்ல வச்சு விழுந்துட்டேன். கை மூணு மாசமா இப்படித்தான் ஆடுது. ஞானாபரணம் சாருக்கு ஆடுனது மாதிரியே ஆடுது. எனக்குப் பயமா இருக்கு."

வடிவு மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள், வெங்காயம் உரித்து முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது. சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, இடது பக்கமும் வலது பக்கமுமாகத் திருகி, உடம்பு பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். துருப்பிடித்த கம்பி முக்கி முனகிக்கொண்டு குழாய்க்குள் இறங்கியது. "நட்டத் தாங்க" என்று வாங்கி மாட்டி, கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துப் போட்டாள். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. இறுக்கிவிட்டு, ஸ்டாண்டைத் தள்ளி, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, "ஏறி ஒக்காருங்க" என்றாள்.

ஆவுடையப்பன் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் சிமெண்டுத் தரையில் பட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சைக்கிளில் அவர் அவ்வளவு குட்டையாக உட்கார்ந்திருந்தார், அவள் முகம் நேருக்கு நேராக இருந்தது. அவள் குனிந்து அவர் கால்களையே உற்றுப் பார்த்தாள். செருப்புக்கும் தரைக்கும் நடுவில் பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எறங்குங்க" என்றாள். "குதிங்காலு படல்ல. இன்னும் அர இஞ்சு எறக்குவோம்."